தலையில் மாட்டாமல் பார்த்த கடல்

ஜெசிந்தா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது என் முகத்தில் பாதி மீசைதான் இருந்தது. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். மேடவாக்கம் அலுவலகத்தில் என்னோடு இருந்த நீங்கள் யாரும் நான் சொன்ன எதையும் முழுதாக நம்பியதில்லை. ஆனால் இது நடந்தது. கிழக்குத் தாம்பரத்தில் நான் வழக்கமாகப் போகும் சலூனில், மீசையை எடுத்துவிடுவது என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்து கத்தி வலது பக்கம் வரும் நேரத்தில் மடியில் கிடந்த போன் அடித்தது. விக்கி. என் அக்கா மகன், உங்கள் எல்லோருக்கும் முன்னாள் முதலாளி. "மாமா, ஜெசி..." என்றான்.

கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பெரும்பாக்கத்தில் அவர்கள் குடியிருப்பின் படிகளை ஏறி முடித்த பிறகுதான், வழியெல்லாம் ஜனங்கள் ஏன் என்னை அப்படிப் பார்த்தார்கள் என்பது உறைத்தது. வாசலிலேயே உட்கார்ந்திருந்த அவள் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், பாதி மீசையோட வந்துகிறீங்க?" என்றார். பிறகு, "இத்தப் பாத்திருந்தா அது உருண்டு உருண்டு சிரிச்சிருக்கும் சார்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அழுகையாக மாறிய இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அதற்குள் கூடவே போயிருந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. டிபன் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில், மனித குலம் அதுவரை துணிந்திராத ஒரு காரியத்தில் இறங்கியிருந்தோம். சென்னையை ஒட்டிய கோவளத்துக் கடலை ஒரு பெட்டிக்குள் அடைக்கும் காரியம். கண்ணையும் காதையும் மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட்தான் அந்தப் பெட்டி. மாட்டிக்கொண்டால் நீங்கள் ஒரு மீன்பிடி படகில் இருப்பீர்கள். விடியற்காலை. கரையை விட்டுப் போய், கை வீசி வலை போட்டு, மீனோடு திரும்ப வேண்டும். கேமின் பெயரே 'படகு'தான். மொத்தமே ஐந்து பேர் வேலை பார்த்தோம். இதில் நான் நிர்வாகம். அதாவது, தண்ணீர் கேன் வந்ததா என்று பார்க்கிறவன். முதலாளிக்குத் தாய்மாமன் என்பதால் அலுவலகத்துக்கே மாமா ஆனேன்.

ஜெசிந்தா வேலை கேட்டு வந்த நாள் என் கண்ணில் அப்படியே இருக்கிறது. அனிமேஷன் படித்தவள், விளம்பரக் கம்பெனிகளில் சில வருடம் குப்பை கொட்டியவள். விக்கி அவள் தலையில் ஹெட்செட்டை மாட்டி, நாங்கள் அதுவரை செய்து வைத்திருந்த கடலைக் காட்டினான். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு ஹெட்செட்டைப் பதமாகக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, விக்கியின் புத்தம் புது லேப்டாப் பையைத் திறந்து அதற்குள் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து நின்று சொன்னாள்: "சாரி சார். பைய நான் தொவச்சுக் குடுத்துர்றேன். ஆனா தண்ணி கலர் தப்பு சார். விடிகாலைல கடலு நீலமா இருக்காது. சாம்பலாட்டம் இருக்கும்."

விக்கி பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "திங்கக்கிழமை வந்துடுங்க" என்றான்.

அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யாமல் இல்லை. எலுமிச்சம்பழம் முகர்ந்தாள், இஞ்சி மென்றாள், முகத்துக்கு நேராக ஃபேன் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் ஹெட்செட் ஏறிய மாத்திரத்தில் இறங்கியது. காதுக்குள் இருக்கும் சமநிலை சமாசாரம், சில பேருக்கு இது பழகவே பழகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவள் டாக்டரைவிட நன்றாக விளக்குவாள்: "கண்ணு போறோம்னுது மாமா, காது போவலன்னுது. ரெண்டுத்துக்கும் நடுவுல வயிறு மாட்டிக்கினு முழிக்குது." இன்னொருவர் மாட்டிக்கொண்டு பார்ப்பதை டிவியில் ஓடவிட்டுப் பார்க்கலாமே என்றால், அது இன்னும் மோசம். மற்றவன் தலை ஆடுகிற ஆட்டத்துக்கு இவள் வயிறு புரண்டது.

ஆக, எங்கள் கடலைக் கட்டியவள் அந்தக் கடலுக்குள் போக முடியாதவள்.

ஆனால் எப்படிக் கட்டினாள்! பெரும்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அந்த ரோட்டில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எல்லோரும் ஹாரன் அடித்து முந்தத்தான் பார்ப்பார்கள். இவள் லாரிக்குப் பின்னாலேயே பக்தியோடு வருவாள். லாரி பிரேக் போடும்போதெல்லாம் மேல்மூடி வழியாகத் தண்ணீர் தளும்பி இவள்மேல் கொட்டும். அபிஷேகம் முடிந்த அம்மன் மாதிரி நனைந்து வந்து நிற்பாள். ஒருநாள் கேட்டேன்: "ஏம்மா, ரெயின்கோட்டாவது போடக்கூடாதா?"

"தண்ணி உடனே நிக்கிறதில்ல மாமா. லாரி நின்னுருது. தண்ணி முன்னால போயி, கொஞ்சம் யோசிச்சு, அப்பால திரும்பி வருது. அந்த யோசிக்கிறது கீது பாரு, அத்தப் புடிக்கணும்."

பிடித்தாள். எங்கள் படகு நின்ற பிறகும் அடியில் தண்ணீர் ஒருமுறை யோசித்துவிட்டுத் திரும்புவதை, விளையாடியவர்கள் கவனித்திருப்பீர்கள். அது மேடவாக்கம் தண்ணீர் லாரியின் கொடை.

இனி என் திருப்பணிக்கு வருகிறேன். அலைகளின் அளவெல்லாம் கணினியில் எண்ணாக இருக்கும். ஆனால் படகில் உட்கார்ந்தவன் வயிற்றுக்கு அது எவ்வளவு என்பது எண்ணில் தெரியாது. யாராவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, என்ன பார்க்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் கேட்டுக்கொண்டே சரிசெய்ய வேண்டும். இதுதான் எங்கள் அலுவலக வழக்கம். ரன்னிங் கமென்ட்ரி என்று பெயர். மற்றவர்கள் கரையிலும் மீனிலும் வலையிலும் மும்முரமாக இருந்ததால் நடுக்கடல் என் பொறுப்பாயிற்று. கல்லைத் தின்றாலும் கரைக்கும் வயிறு என்னுடையது. காலை டிபன் முடிந்ததும் ஹெட்செட்டோடு அமர்ந்துவிடுவேன்.

என் கமென்ட்ரி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? "ஜெசி! தாம்பரம் மேம்பாலம் எழுந்து வருது! ஐயோ, வண்டலூர் யானைங்க ஏழு, ஒண்ணு மேல ஒண்ணு! பல்லாவரம் மலையே தலைமேல கவிழுது! என் பெண்டாட்டி பிள்ளைங்களைப் பாத்துக்கம்மா!" டிபன் கடையில் தோசை ஊற்றுகிறவர் கரண்டியோடு மேலே ஓடி வந்து பார்த்த நாளும் உண்டு. எல்லோரும் சிரிப்பார்கள். ஜெசியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கீபோர்டில் எதையோ தட்டுவாள். என்ன தட்டுகிறாள் என்று நான் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பெரிய யுத்தம் நடக்கும். ஹெட்செட் இல்லாமல், வெறும் கம்ப்யூட்டர் திரையிலும் விளையாடும்படி 'படகு' வர வேண்டும் என்பது ஜெசியின் கட்சி. வரவே கூடாது என்பது விக்கியின் கட்சி. கீழே டிபன் கடை இருந்ததாலோ என்னவோ, அந்தத் திரை வடிவத்துக்கு 'சாதா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"நாம விக்கிறது நெய் ரோஸ்ட் ஜெசி," என்பான் விக்கி. "பக்கத்துலயே சாதா போட்டா எல்லாரும் சாதாவத்தான் வாங்குவாங்க."

"சாதா இல்லாத டிபன் கடை எங்கனா கீதா சார்?"

"கை வீசி வலை போடறதுதான் கேமே. அத மவுஸ் கிளிக் ஆக்கினா அது வலை இல்ல, லைட் சுவிட்ச்."

"எங்க வூட்ல கைய வீசினா இந்தாண்ட அம்மா, அந்தாண்ட கிரைண்டரு. யார் மேல சார் வலை போடறது?"

"படகு விளிம்புல குனிஞ்சு தண்ணியப் பாக்கறது, அண்ணாந்தா மொத்த வானமும் வர்றது, இதெல்லாம் திரையில எப்படி வரும்?"

"வராதுதான். இல்லன்னு சொல்லல. கடலாவது வருமில்ல?"

நான் பஞ்சாயத்துத் தலைவராக உட்கார்ந்து, ரத்த பந்தம் விடாததால் மருமகன் பக்கமே தீர்ப்பு எழுதுவேன். விக்கி சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இருக்கிற ஐந்து பேரும் ஒரே கேமை இரண்டு முறை செய்ய வேண்டும். ஹெட்செட்டை முதல்முறை மாட்டிப் பார்த்தவர்களுக்கே தெரியும், திரையில் வருவது வேறு என்று. ஆனால் ஜெசி ஒருநாள் தட்டில் இருந்த சாம்பார் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கட்டினவளே உள்ள போவ முடியாதுன்னா அது இன்னா வூடு சார்? ஒரே ஒரு தபா அந்தப் படகுல உக்காரணும். அவ்ளோதான் கேக்குறேன்." அன்று பஞ்சாயத்துத் தலைவர் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. ரசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தது அந்தத் திருநாள். கேமை வாங்கி வெளியிடுகிற கம்பெனியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். சேலையூர்க்காரர், ரொம்ப மரியாதையான மனிதர். அவர் ஒப்புக்கொண்டால்தான் அலுவலகம் அந்த வருடத்தைத் தாண்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். கரையைப் பார்த்தார், தலையாட்டினார். மீன்களைப் பார்த்தார், தலையாட்டினார். நடுக்கடலுக்குப் போனார். விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்போடு சொன்னார்:

"சூப்பர் சார்! எங்க சேலையூர் ஏரியை அப்படியே கொண்டுவந்துட்டீங்க."

அந்த அறையில் அப்போது விழுந்த அமைதியை நான் மிகைப்படுத்தவே முடியாது. விக்கி ஹெட்செட்டை வாங்கித் தானே மாட்டிக்கொண்டான். கழற்றும்போது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஜெசி, அலை எங்க?"

ஜெசி என்னைப் பார்த்தாள். "மாமாதான் மேம்பாலம், யானைன்னு கத்திகினே இருந்தாரு. நேத்து நான் கொறைச்சேன், இன்னிக்கும் கத்துனாரு. திரும்பக் கொறைச்சேன். அப்பவும் மலைன்னாரு."

உண்மைதான். அலை சுண்டுவிரல் உயரத்துக்கு இறங்கிய பிறகும் நான் பல்லாவரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டையைப் பழக்கிவிட்டேன், கண்ணைக் கேட்காமலே அது பேசியது. என் வாழ்நாளின் மகத்தான சாதனை இது: ஒரு மனிதன் வெறும் வாயால் ஒரு சமுத்திரத்தை வற்ற வைத்தது. ஆனால் அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. உதட்டில் சிரிப்பும் இருந்தது. "மாமா, மொத நாளு மேம்பாலம்னியே, அந்த அலை. நிஜமா எவ்ளோ?"

என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. என் மனைவி கேட்டதில்லை, பழகிவிட்டாள். பிள்ளைகள் கேட்டதில்லை, பெருக்கிச் சொன்னால்தான் அவர்களுக்குப் பிடிக்கும். நான் யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "முழங்கால் உயரம் இருக்கும். கொஞ்சம் மேல."

"அதான் வேணும்" என்றாள்.

வந்தவர் நல்ல மனிதர்; அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். விக்கி ரொம்ப நேரம் ஜன்னல் ஓரமாக நின்றான். "மாமா கண்ணை வெச்சுக் கடல் செய்ய முடியாது" என்றான் கடைசியில். "ஜெசிக்கு மட்டும், வேலைக்கு மட்டும், சாதா ஒண்ணு ரெடி பண்ணுவோம். வெளிய போகாது. சொல்லிட்டேன்."

செய்தார்கள். சும்மா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டால் சாதா ஆகிவிடாது என்பதை அப்போதுதான் நானும் தெரிந்துகொண்டேன். படகு ஆடும்போது தொடுவானம் ஆடாமல் நிற்க வேண்டும் என்றாள். அது நின்றால் அவள் வயிறும் நின்றது. வலைக்குக் கிளிக் வேண்டாம், மவுஸை அழுத்திப் பிடித்து, கோலத்தில் சுழி இழுப்பதுபோல் இழுத்துவிட வேண்டும் என்றாள். லைட் சுவிட்ச் புகார் அதோடு முடிந்தது. ஒருநாள் காலை, டிபன் கூடச் சாப்பிடாமல், திரைக்கு முன்னால் உட்கார்ந்து படகைத் தள்ளினாள்.

நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம். கரை விலகியது. சாம்பல் நிறத்தில் கடல் விரிந்தது. அவள் கை மவுஸ்மேல் இருந்தது, வாந்தி வரவில்லை. நடுக்கடலுக்குப் போய்ப் படகை நிறுத்தினாள். அடியில் தண்ணீர் முன்னால் போய், யோசித்து, திரும்பி வந்தது. வழக்கப்படி யாராவது கமென்ட்ரி சொல்ல வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன். "சும்மா இரு மாமா," என்றாள் திரும்பாமல். "நான் பாத்துகினு கீறேன்."

மறுநாள் அவள் அம்மாவைக் கூட்டிவந்தாள். பூதக்கண்ணாடி கனத்துக்குக் கண்ணாடி போட்டவர். ஹெட்செட் அவர் முகத்தில் உட்காரவே உட்காராது. மவுஸைப் பிடிக்கச் சொன்னதும் தோசைக் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். படகு கரையில் முட்டியது. பின்னால் நின்ற நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். "லெப்டுல திருப்புங்கம்மா!" "ரைட்டு, ரைட்டு!" "யம்மோவ், வலைய இப்பப் போடு!" டிபன் கடைக்காரர்கூட வந்துவிட்டார். அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா நான் எந்தாண்ட போறது? பேஜார் பண்ணாம படகுல ஒழுங்கா உக்காருங்க எல்லாரும்" என்றார்.

விக்கி அதைக் கேட்டான். அதுவரை எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கடலுக்குப் போவார், மற்றவர்கள் வெளியே நின்று தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். அன்றுதான் எல்லோரும் ஒரே படகில் போனோம். சாயங்காலம் அவன் என்னிடம் வந்து, "மாமா, சாதாவையும் சேர்த்தே விடலாம்னு இருக்கேன். ஆனா நெய் ரோஸ்ட்தான் நெய் ரோஸ்ட், அதுல மாத்தமில்ல" என்றான். இதை ஜெசியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மேடவாக்கமே தீபாவளி கொண்டாடுவதாக, கூட்ரோடில் போக்குவரத்து நின்றுவிட்டதாக, முதலமைச்சர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டாள்: "சரி மாமா. நிஜமா எவ்ளோ?"

"ரெண்டும் வெளிய வருதும்மா."

கீபோர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். திரையில் என்னென்னவோ எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன.

சேலையூர்க்காரர் மறுபடி வந்தார். இந்த முறை நடுக்கடலில் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேம் வெளிவந்தது. பிரமாதமாக ஓடியது என்று சொல்ல வாய் துடிக்கிறது, சுமாராக ஓடியது. பிறகு அலுவலகம் பிரிந்தது, ஆளுக்கொரு பக்கம் போனோம். ஜெசி மட்டும் எனக்கு அவ்வப்போது போன் செய்வாள். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். படுக்கையில் லேப்டாப் இருக்கிறது, ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் கோவளத்துக்குப் போய்விட்டு வந்தேன் என்றாள். நான் வழக்கம்போல், நீ எழுந்து வந்ததும் கோவளத்து மீனையெல்லாம் ஏலம் எடுத்து விருந்து வைக்கிறேன், ஈசிஆர் ரோடு முழுக்கப் பந்தல் போடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அன்று அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டது அவள் எனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஹெட்செட் சக்கரவர்த்தியாக வாழ்ந்த எனக்குப் போன வருடம் தலைசுற்றல் வந்தது. கல்லைக் கரைத்த வயிறு சரணடைந்துவிட்டது. இனி அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இதுவும் அந்தக் காது சமாசாரம்தான். நெய் ரோஸ்ட் எனக்கு மறுக்கப்பட்டது. விக்கியின் தீர்ப்பு அன்று மாறாமல் இருந்திருந்தால், இன்று நான் அவள் கடலைப் பார்க்க வழியே இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். மீதி மீசையை நானே எடுத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து சாதாவைப் போட்டேன். படகைத் தள்ளி நடுக்கடலுக்குப் போய் நிறுத்தினேன். தொடுவானம் ஆடாமல் நின்றது. கேட்க யாரும் இல்லாவிட்டாலும் வழக்கம் வழக்கம்தானே, கமென்ட்ரி சொல்ல வாயைத் திறந்தேன். மேம்பாலம் வந்தது, யானைகள் வரிசையாக வந்தன, மலை வந்தது. எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். வேறெதையும் அவள் விட்டுப்போகவில்லை என்று இல்லை. ஒரு கடலையே விட்டுப்போயிருக்கிறாள். ஆனால் அது உங்கள் எல்லோருக்கும் பொது. கேள்வி எனக்கு மட்டும்.

முழங்கால் உயரம், ஜெசி. கொஞ்சம் மேல.